விமானி பெரியப்பாவின் நினைவுமலர்: சீருடைப் படத்தை எங்கே போடுவது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெரியப்பா 1936இல் யாழ்ப்பாணத்து வசாவிளானில் பிறந்தவர். 1957இல் விமானப்படையில் சேர்ந்து விமானியானார். 1977இல் ஸ்குவாட்ரன் லீடராக ஓய்வுபெற்று ஊருக்கே திரும்பினார். 1990இல் இடம்பெயர்ந்து மானிப்பாய்க்கு வந்தவர், கடைசிவரை அங்கேதான் இருந்தார். கோயிலில் கந்தபுராணத்துக்குப் பயன், அதாவது பொருள், சொன்னவர். இரண்டு கிழமைக்கு முன்னர் 88 வயதில் காலமானார். 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நினைவுமலர்ப் புத்தகம் அடிக்கவேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் மகன், சீருடைப் படம்தான் அட்டையில் வரவேண்டும் என்கிறார். ஊரில் இருக்கும் மாமா, எயார்ஃபோர்ஸ் என்ற சொல்லே வேண்டாம், ‘அரசாங்க உத்தியோகத்தர்’ என்று போட்டால் போதும் என்கிறார். எழுதவேண்டிய நீங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறீர்கள். கையில் இருப்பது, ஒவ்வொரு பறப்பையும் அவர் பதிந்துவைத்த லொக் புத்தகமும் இரண்டு படங்களும்.

நான் யாழ்ப்பாணத்தில் அச்சக வேலையிலேயே நரைத்தவன். புரூஃப் பார்த்த மலர்களுக்குக் கணக்கில்லை. சிலவற்றை நானே எழுதியும் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: விமானப்படையை மறைக்கவும் வேண்டாம், அட்டைக்குக் கொண்டுவரவும் வேண்டாம். சீருடைப் படம் உள்ளே, அவர் சேர்ந்த காலத்தைச் சொல்லும் பக்கத்தில் வரட்டும். படத்துக்குக் கீழே ஆண்டு, இடம், பின்னால் நிற்கும் விமானத்தின் பெயர் மூன்றும் இருக்கவேண்டும். அட்டைக்கு நீங்கள் அனுப்பிய மற்றப் படம் போதும். திருநீறும் சால்வையுமாகக் கிணற்றுக்கட்டில் இருக்கிறாரே, அது. அந்தியேட்டிக்கு வரப்போகிற சனம் அறிந்த மனிதர் அவர்தான். இருபது வருடம் விமானப்படையில் இருந்தார். அதற்குப் பிறகு நாற்பத்தேழு வருடம் எங்களோடு இருந்தார்.

மாமாவின் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். போர்க்காலத்தில் விமானக் குண்டுக்குப் பயந்து ஓடிய ஊர் இது. யாழ்ப்பாணத்தில் ‘விமானப்படை’ என்ற சொல் வெறும் சொல்லாக ஒருவர் காதிலும் விழாது. இதை நான் ஒரு பிழை செய்துதான் படித்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் தவறிப்போனார். கட்டுநாயக்காவில் என்ஜின் பகுதியில் வேலை செய்து எழுபதுகளில் ஓய்வுபெற்றவர். அவருடைய மலரை நான்தான் எழுதினேன். கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று ‘போர் விமானங்களைப் பராமரித்தவர்’ என்று ஒரு வரி போட்டுவிட்டேன். அவர் கைவைத்தது டவ், ஹெரன் என்ற விமானங்களில். ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப்போகிறவை அவை. 300 பிரதி அடித்துக் கட்டியும் ஆயிற்று. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவருடைய மனைவி அந்தப் பக்கத்தை வாசித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் போனால், விறாந்தையில் பாயை விரித்து, கோதுமைமாவில் பசை காய்ச்சி வைத்துக்கொண்டு, தாயும் மகளும் இருக்கிறார்கள். வெள்ளைத் தாளை விரல் அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொரு பிரதியிலும் அந்த ஒரு வரிக்கு மேல் ஒட்டுகிறார்கள். “தம்பி, பிளேன் சத்தம் கேட்டுப் பங்கருக்குள்ள ஓடின பிள்ளையள் இதை வாசிக்கப் போகுதுகள்” என்று மட்டும் சொன்னார். நானும் இருந்து ஒட்டினேன். இருட்டும்வரை ஒட்டினோம்.

ஆகவே உங்கள் பெரியப்பா என்ன விமானம் ஓட்டினார், எந்த ஆண்டில், எதற்காக என்பதைச் சரியாக எழுதுங்கள். அதற்குத்தான் அந்த லொக் புத்தகம்.

அந்தக் காலத்து றோயல் சிலோன் எயார்ஃபோர்ஸ் எல்லாவற்றையும் பிரித்தானிய முறைப்படியே நடத்தியது. லொக் புத்தகமும் அந்த முறைதான். இடது பக்கத்தில் திகதி, விமானத்தின் வகை, அதன் இலக்கம், விமானி, கூட இருந்தவர், பணி என்று நிரல்கள் வரும். வலது பக்கத்தில் பகல் எவ்வளவு நேரம், இரவு எவ்வளவு நேரம், பயிற்சியாளரோடு எவ்வளவு, தான் பொறுப்பாக எவ்வளவு என்று பிரித்திருக்கும். இரவுப் பறப்பைச் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். மாத முடிவில் கூட்டி, மேலதிகாரி கையெழுத்து வைப்பார். வருடத்துக்கொரு முறை பறப்புத் திறமை எப்படி என்று ஒரு மதிப்பீடு இருக்கும். பணி நிரலில் அடிக்கடி டி.சி.ஓ. என்று மூன்று எழுத்து இருந்தால் குழம்பவேண்டாம். கொடுத்த காரியம் முடிந்தது என்று அர்த்தம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்து விமானத்தளமான பலாலியின் பெயரை லொக் புத்தகத்தில் தேடி அது இல்லையே என்று எழுதியிருந்தீர்கள். கே.கே.எஸ். என்று தேடிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை கட்டிய அந்தத் தளத்துக்கு அப்போது காங்கேசன்துறை என்றுதான் பெயர். 1945இல் அவர்களுடைய 203ஆவது ஸ்குவாட்ரன் என்ற பிரிவு அங்கேயிருந்து லிபரேட்டர் விமானங்களைப் பறக்கவிட்டது. நாலு என்ஜின் வைத்த பெரிய விமானம் அது. வசாவிளானில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு 1947 டிசம்பர் 10ஆம் திகதி, இலங்கையின் விமான சேவையான எயார் சிலோனின் முதற் பயணம். ‘சீதாதேவி’ என்று பெயர் வைத்த டக்கோட்டா விமானம் கொழும்புக்குக் கிட்ட இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் போனது. பெரியப்பாவுக்கு அப்போது பதினொரு வயது. பெரியம்மா இருக்கிறார் என்றால், இவருக்கு விமான ஆசை எங்கே பிடித்தது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். தோட்டத்து வரம்பில் நின்று அண்ணாந்து பார்த்த கதை ஏதாவது நிச்சயம் இருக்கும். அது கிடைத்தால் மலரை அங்கேயிருந்து தொடங்கலாம்.

அவர் சேர்ந்த படைக்கு அப்போது ஆறு வயதுதான். 1951 மார்ச் 2ஆம் திகதி தொடங்கியது. முதல் தளபதி குரூப் கப்டன் பிளேடன், பிரித்தானியர். இலங்கையர் ஒருவர், ரொஹான் அமரசேகர, தளபதியானது 1962இல்தான். அவர் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையில் நவிகேற்றராக, அதாவது விமானத்துக்கு வழி கணித்துச் சொல்பவராக, பறந்தவர். கட்டுநாயக்கா, சீனன்குடா தளங்களைப் பிரித்தானியர் விட்டுப்போனது உங்கள் பெரியப்பா சேர்ந்த அதே 1957இல். சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற தனிச்சிங்களச் சட்டம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த வருடத்தில் ஒரு தமிழ்ப் பெடியன் விமானப்படைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான் என்பதற்கு மேல் நான் விளக்கம் சொல்லப்போவதில்லை. நீங்களும் சொல்லவேண்டாம், ஆண்டைப் போடுங்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த ஆண்டுகள் பாடம்.

பயிற்சி சிப்மங்க் விமானத்தில் தொடங்கியிருக்கும். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை உள்ள சின்ன விமானம். பழகுகிறவர் முன்னால், பழக்குகிறவர் பின்னால். பழக்குகிறவரின் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். ஒரு நாள் அந்தக் குரலும் இல்லாமல் தனியே போய்ச் சுற்றி வந்து இறங்கவேண்டும். அதுதான் ‘சோலோ’. லொக் புத்தகத்தில் அந்த வரியைக் கண்டுபிடியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இராது. விமானிகளுக்கு அது பிறந்தநாள் மாதிரி. திகதியை மலரில் போடுங்கள். பிறகு பாலியோல் என்ற பயிற்சி விமானம் வந்திருக்கும். உலகப் போர்க்காலத்து ஸ்பிற்ஃபயரில் இருந்த அதே மேர்லின் குடும்பத்து என்ஜின் அதில். 1959இல் ஜெட் புரொவோஸ்ட் வந்தது, இலங்கையின் முதல் ஜெட். பெரியப்பா அதில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு டவ், ஹெரன் பக்கம் போனதாக நீங்கள் கணக்கெடுத்திருக்கிறீர்கள். ஹெரனுக்கு நாலு என்ஜின், ஏறக்குறைய பதினைந்து பேர் போகலாம். அவருடைய பறப்பு நேரத்தில் பெரும்பகுதி அதில்தான் என்றால், ‘போக்குவரத்து விமானி’ என்று தெளிவாக எழுதுங்கள். அந்த ஒரு சொல் மாமாவின் பயத்தில் பாதியைத் தீர்க்கும்.

1964 டிசம்பர் பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். 22ஆம் திகதி வடக்கையும் கிழக்கையும் அடித்து, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்த சூறாவளியின் மாதம் அது. அந்தக் கிழமை அவர் எங்கே பறந்தார், பணி நிரலில் என்ன எழுதினார் என்று அப்படியே படமெடுத்து மலரில் ஒரு பக்கமாகப் போடலாம். ‘மக்கள் சேவையில் தன்னை அர்ப்பணித்தார்’ என்று பத்து வரி எழுதுவதைவிட அவருடைய சொந்தக் கையெழுத்தில் இருக்கும் ஒரு வரி நிற்கும்.

1971 ஏப்ரல் பக்கம் நிரம்பிக் கிடக்கிறது, அதை என்ன செய்வது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். அந்த மாதம் 5ஆம் திகதி தெற்கில் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சி வெடித்தது. ஜெட் புரொவோஸ்ட் தாக்குதலுக்குப் போனது. பெரியப்பா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை என்கிறீர்கள். விமான வகையையும் பணி நிரலையும் சேர்த்துப் பாருங்கள். அவர் ஹெரனில் ஆட்களையோ சாமானையோ கொண்டுபோனார் என்று அங்கே இருந்தால் அப்படியே எழுதலாம். தெளிவாக இல்லை என்றால், ‘1971 ஏப்ரலில் தொடர்ந்து பறந்தார்’ என்பதோடு நிறுத்துங்கள். சாப்பாடு மட்டும்தான் கொண்டுபோனார் என்று நாங்களாக அவருக்கு நற்சான்று எழுதக்கூடாது. வேறு எதையும் அவர் தலையில் கட்டவும் கூடாது. அவர் சொல்லாமல் விட்டதை நாங்கள் கற்பனையால் நிரப்பினால், அவரை அறிந்த ஒருவராவது அதைக் கண்டுபிடிப்பார்.

இன்னொன்று. 1972 மே 22ஆம் திகதி நாடு குடியரசானது. அதோடு ‘றோயல் சிலோன்’ போய் ‘இலங்கை விமானப்படை’ ஆனது. மலரில் அந்தத் திகதிக்கு முன்னும் பின்னும் பெயரைச் சரியாக மாற்றுங்கள். ஸ்குவாட்ரன் லீடர் என்பதைத் தமிழ்ப்படுத்தப் போய் ‘படைத்தளபதி’ ஆக்கிவிடாதீர்கள். அப்படி ஒரு மலர் என் கைக்கு வந்தது, அச்சுக்குப் போகுமுன் பிடித்தேன். பதவிப் பெயரை ஒலியிலேயே எழுதுவது பாதுகாப்பு.

சரி, 1977க்குப் பிறகுதான் என் மனதில் இந்த மலரின் நடுப்பகுதி. ஓய்வுபெற்றவர் கொழும்பில் தங்கியிருக்கலாம், வெளிநாட்டு விமானக் கம்பனிக்குப் போயிருக்கலாம். வசாவிளானுக்கு வந்து செம்மண் தோட்டத்தில் வெங்காயம் வைத்தார் என்கிறீர்கள். ஓடுபாதைக்குக் கிட்டவே வளவு. எத்தனையோ தரம் அந்த ஓடுபாதையில் இறங்கும்போது தன் வீட்டுக் கூரையையும் கிணற்றையும் மேலேயிருந்து பார்த்த மனிதர். 1990 யூனில் மறுபடி சண்டை தொடங்கியபோது அந்த வளவையே விட்டுவிட்டு ஓடவேண்டி வந்தது. பலாலியைச் சுற்றி உயர்பாதுகாப்பு வலயம் விரிந்து அவருடைய வீடும் கிணறும் அதற்குள் போயின. அப்போது ஒரு யூரியாப் பைக்குள் லொக் புத்தகத்தையும் கந்தபுராணத்தையும் வைத்துக் கட்டி சைக்கிள் கரியரில் கொண்டுவந்தார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் இருந்த நல்ல வரிகளில் அது ஒன்று. அதைக் கேள்வியோடு விட்டுவிடாதீர்கள்.

மானிப்பாயில் வாடகை வீட்டு விறாந்தையில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்குத்தான் அந்த வருடங்களில் எல்லா வீட்டிலும். ஒரு விளக்கைச் சுற்றி ஆறு பிள்ளைகள் கொப்பியைத் தள்ளித் தள்ளி வைத்து எழுதியது எனக்குத் தெரியும், என் பிள்ளைகளும் அப்படித்தான் படித்தார்கள். விமானச் சத்தம் கேட்டால் எல்லோரும் பங்கருக்கு ஓடுவோம். வருவது சியாமாசெட்டியா, புக்காராவா, ஹெலியா என்று சின்னப் பிள்ளையே சத்தத்தை வைத்துச் சொல்லும். உங்கள் பெரியப்பா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “இது இறங்கப் போகுது, பலாலிக்கு, பயப்பிடாதேங்கோ” என்று சொல்லிப் பிள்ளைகளைத் திரும்ப இருத்துவார் என்று எழுதியிருந்தீர்கள். தான் படித்த தொழிலை அவர் அந்த வருடங்களில் எதற்குப் பயன்படுத்தினார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்த விறாந்தையில் படித்த பிள்ளைகள் இப்போது நாற்பது, ஐம்பது வயதுக்காரர். லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருப்பார்கள். இரண்டு பேரைத் தேடிப் பிடித்து அரைப் பக்கம் வாங்குங்கள். ஊர்ப் பெரியவர்களின் இரங்கலுரை நாலைக் குறைத்தாலும் பரவாயில்லை.

இனி நவாலி. 1995 யூலை 9ஆம் திகதி. படை முன்னேறி வந்ததால் ஓடிவந்த சனம் நவாலி சென். பீற்றேர்ஸ் தேவாலயத்திலும் சின்னக் கதிர்காம முருகன் ஆலயத்திலும் அடைக்கலமாக இருந்தபோது விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். மானிப்பாயிலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்து ஊர்தானே. உங்கள் கேள்வியின் கடைசியில், பெரியப்பா அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குப் பறந்த கதை சொல்லவே இல்லை என்று எழுதிவிட்டு, இதைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடுங்கள், தம்பி. வேறு எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

அவருக்காக வாதாடவேண்டாம். ‘அவர் விலகி 18 வருடம் ஆகியிருந்தது, அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று ஒரு வசனம் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். 1977இல் ஓய்வுபெற்றார் என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது, 1995 இன்னொரு பக்கத்தில் இருக்கிறது, வாசிக்கிறவர்களுக்குக் கழிக்கத் தெரியும். அவரே வாதாடவில்லை. கதை சொல்வதை நிறுத்தினார். ரொறன்ரோ மகனுக்கும் இதைச் சொல்லுங்கள். தகப்பனின் சீருடையில் அவருக்கு இருக்கும் பெருமையில் பிழையில்லை. ஆனால் அந்தச் சீருடையை அட்டையில் பெரிதாகப் போட்டு நவாலிக்காரர் ஒருவர் கையில் கொடுக்கும்போது, அதற்குள் இந்த வரி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடலாம். அட்டையோடு மூடிவைத்துவிடுவார்.

பக்தியைப் பற்றி எழுதும் பகுதியில்தான் எங்கள் மலர்கள் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. ‘சிறந்த சிவபக்தர், நல்லூர்க் கந்தன்மேல் அளவிலாப் பற்று, விரதங்கள் தவறாதவர்.’ பெயரை மாற்றி எந்த மலரிலும் வைக்கலாம். கந்தசஷ்டி ஆறு நாளும் அவர் எப்படி இருந்தார்? பால் மட்டுமா, பச்சைத் தண்ணீரா? கடைசி வருடங்களில் டாக்டர் தடுத்தபோது என்ன செய்தார்? ஆடி அமாவாசைக்கு யாருக்காகக் கீரிமலைக்குப் போனார், கீரிமலைக்குப் போகமுடியாமல் இருந்த வருடங்களில் எங்கே போய் முழுகினார்? இப்படிக் கேட்டு எழுதுங்கள். வெள்ளிக்கிழமைகளில் விமானப்படைச் சாப்பாட்டு மெஸ்ஸில் மரக்கறி தனியாகச் சமைப்பித்தார் என்று நீங்கள் சொன்னது அந்த மாதிரி ஒரு விசயம். சிங்களச் சமையல்காரர் ஒருவர் வருடக்கணக்காக அதைத் தானே நினைவு வைத்துச் செய்துகொடுத்தார் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் சமையல்காரரையும் மலருக்குள் கொண்டுவாருங்கள்.

புராணப் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம். தமிழறிஞர் பண்டிதமணி கணபதிப்பிள்ளை எங்கள் வாழ்க்கையைக் கந்தபுராண கலாசாரம் என்றார். இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியும், படிப்பு எப்படி நடக்கும் என்பது தெரியாது. கோயிலில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார், ஒரு சொற்றொடரில் நிறுத்துவார். மற்றவர் அதற்குப் பயன் சொல்வார். பயன் முடிந்தால்தான் அடுத்த தொடர். படிக்கிறவர் தாண்டிப் போகமுடியாது, பயன் சொல்கிறவர் முந்தமுடியாது. மாதக்கணக்கில் நடக்கும்.

ஹெரன் மாதிரி இரண்டு விமானிகள் ஓட்டும் விமானத்திலும் இப்படி ஒன்று உண்டு. கிளம்புமுன் ஒருவர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிப்பார். மற்றவர் கைவைத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். பதில் வந்தால்தான் அடுத்தது. எத்தனை வருடம் பறந்தவராக இருந்தாலும் மனப்பாடமாகச் சொல்லக்கூடாது, பார்த்துத்தான் வாசிக்கவேண்டும். பெரியப்பா கந்தபுராணம் பாடமாக இருந்தும் புத்தகத்தை விரிக்காமல் பயன் சொன்னதில்லை என்றும், படிக்கிறவர் ஒரு சொல்லை விட்டுவிட்டால் கையை உயர்த்தி நிறுத்தித் திரும்பப் படிக்கச் செய்வார் என்றும் நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. கோயில் ஒரு பக்கம், விமானப்படை ஒரு பக்கம் என்று இரண்டு தலைப்புப் போட்டு அவரைப் பிரிக்காதீர்கள். ஒரே வாழ்க்கை வரலாறாக, ஆண்டு வரிசையில், இரண்டையும் கலந்தே எழுதுங்கள். கோயிலில் அவர் பயன் சொல்லச் செய்யுள் படித்தவர் உயிரோடு இருக்கிறார் என்றால் இந்தக் கிழமையே போய் அவரைக் கதைக்கவிட்டு எழுதி எடுங்கள். வயதானவர், அந்தியேட்டி மட்டும் பொறுக்கவேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக லொக் புத்தகத்தின் முதற் பக்கம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அச்சடித்த ஆங்கில நிரல்கள், அதற்குமேல் விளிம்பில், பவுண்டன் பேனை நீல மையில், ஒரு சின்ன ‘உ’. பிள்ளையார் சுழி. இருபத்தொரு வயதுப் பெடியன் ஆங்கிலேயர் நடத்தும் பயிற்சிப் பள்ளியில், மேலதிகாரி மாதாமாதம் பார்த்துக் கையெழுத்து வைக்கும் புத்தகத்தில், எங்கள் அப்பாமார் கணக்குக் கொப்பியில் போட்டதுபோலப் போட்டிருக்கிறான். சுழியின் வால் கொஞ்சம் மையூறியிருக்கிறது, தயங்கிப் பேனையை நிறுத்தினாரோ என்னவோ. அந்தப் பக்கத்தை முழுதாக மலரில் போடுங்கள். அட்டைக்கு அடுத்த பக்கமே அதற்கு இடம்.

எப்படித் தொடங்குவது என்று திகைத்தால், இதை ஒரு மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றலாம், நீட்டலாம்:

“வசாவிளானில் 1936இல் பிறந்தார். 1957இல் றோயல் சிலோன் எயார்ஃபோர்ஸில் சேர்ந்து இருபது வருடம் விமானியாக இருந்தார். சிப்மங்க் முதல் ஹெரன் வரை அவர் ஓட்டிய ஒவ்வொரு பறப்பும் அவர் கையாலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் புத்தகம் பிள்ளையார் சுழியோடு தொடங்குகிறது. 1977இல் ஸ்குவாட்ரன் லீடராக ஓய்வுபெற்று ஊருக்கு வந்து தோட்டம் செய்தார். 1990இல் வீடும் கிணறும் பலாலிப் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. லொக் புத்தகத்தையும் கந்தபுராணத்தையும் ஒரே பையில் கொண்டுவந்தார். மானிப்பாயில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். 1995 யூலை 9இல் நவாலியில் குண்டு விழுந்த பிறகு பறந்த கதை சொல்வதை நிறுத்தினார். புராணத்துக்குப் பயன் சொல்வதை நிறுத்தவில்லை.”

வளவு பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுபட்டதா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. விடுபட்டிருந்தால் எந்தத் திகதியில், அவர் போய்ப் பார்த்தாரா என்பதை அடுத்த பந்தியில் சேருங்கள். விடுபடவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

மற்றவை சுருக்கமாக. இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவை மரபு தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். ஆண்டு, மாதம், பட்சம், திதி நாலும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகவேண்டும், வருசத் திவசத்துக்கு அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். பஞ்சபுராணம், சிவபுராணம், சஷ்டி கவசம் வழக்கப்படி வரட்டும். ஆனால் கடையில் கிடைக்கும் திரட்டை அப்படியே கொட்டாமல், அவர் விடியற்காலை வாய்விட்டுப் பாடிய தேவாரங்களைப் பெரியம்மாவிடம் கேட்டு அந்த வரிசையில் போடுங்கள். எழுத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள், வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் கண்ணாடிக்காரர். வம்சாவளியில் பெண்பிள்ளைகளின் பெயர் விடுபடாமல் பாருங்கள். 48 பக்கத்துக்குள் எல்லாம் அடங்கும்.

லொக் புத்தகத்தை யாரும் லமினேற் பண்ண விடாதீர்கள், பிளாஸ்ரிக் உறையிலும் போடாதீர்கள், எங்கள் வெக்கைக்கும் ஈரத்துக்கும் தாள் புழுங்கிவிடும். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஸ்கான் எடுத்து ஒரு பிரதி ரொறன்ரோவுக்கு அனுப்புங்கள், மகனுக்கு அட்டைப் படத்தைவிட அது பெரிது என்று நினைக்கிறேன். மலரில் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். ஆயிரக்கணக்கான நினைவுமலர்களை அவர்கள் எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து 97,000 புத்தகம் போன ஊர் இது. எங்கள் ஊர்களில் யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்பது பல இடங்களில் இந்த மலர்களில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. விமானப்படையில் இருந்த தமிழ் விமானிகளைப் பற்றித் தமிழில் எழுதியது நான் கண்டவரை மிகக் கொஞ்சம்.

அச்சுக்குக் கொடுக்குமுன் புரூஃபை எனக்கு அனுப்புங்கள், இரண்டு நாளில் பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். அதோடு லொக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். மொத்தப் பறப்பு நேரத்தை நீங்கள் எழுதிய கணக்கும், அவர் 1977இல் கூட்டி வைத்திருக்கும் கணக்கும் நாற்பது நிமிடம் வித்தியாசப்படுகிறது. அவர் பிழைவிட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறுதலாக இருந்து இன்னொரு தரம் கூட்டிப் பார்ப்போம்.